புலாவ் செபாங்கில் ஃபைபர் அறுந்த மதியம்

கிள்ளானில் நானும் என் கணவரும் பதினோரு வருடமாகக் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடை நடத்தி வருகிறோம். கடையின் வாடகை ஒப்பந்தம் இந்த வருடக் கடைசியில் முடிகிறது. போன மாதம் நாங்கள் குடியிருக்கும் தாமானுக்குள் ஃபைபர் இணைய இணைப்பு வந்ததிலிருந்து என் கணவருக்கு ஒரே பேச்சுதான். “கடைய விட்டுடலாம் விமலா. டிசைன் காட்டறது, ஆர்டர் வாங்கறது எல்லாம் வீட்டுல இருந்தே பண்ணிக்கலாம். வாடகை மிச்சம்லா.” கணக்குப் போட்டால் அவர் சொல்வது சரியாகத்தான் வந்தது. ஆனாலும் எனக்குத் தலையாட்ட மனம் வரவில்லை.

அப்போதுதான் கோமதியின் ஞாபகம் வந்தது. கல்யாணத்துக்கு முன்பு மலாக்காவில் செங் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் நாங்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்து மேசை. இப்போது அவள் வேலையை விட்டுவிட்டு, புலாவ் செபாங் பக்கம் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு தாமானில் வீட்டிலிருந்தபடியே இணைய நேரலையில் சேலை விற்கிறாள். நேரில் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்று, தீபாவளி கழிந்து மூன்றாவது வாரம், ஒரு வியாழக்கிழமை கிளம்பினேன். மலாக்கா போகிறவர்கள் பெரும்பாலும் ஆற்றங்கரையையும் கோட்டையையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். மாநிலத்தின் வடக்கு ஓரத்தைப் பார்க்க நினைப்பவர்களுக்கு இந்தக் கட்டுரை உதவலாம்.

கேஎல் சென்ட்ரலில் காலை எட்டே முக்கால் மணிக்கு விரைவு மின்ரயில். நான் போன நாளில் டிக்கெட் இருபத்தேழு ரிங்கிட். சிரம்பான் தாண்டியதும் கட்டடங்கள் குறைந்து ரப்பரும் செம்பனையும் ஆரம்பித்துவிடும். பத்தேகால் மணிக்கு இறங்கினேன். நிலையத்தின் பெயர்ப் பலகையில் புலாவ் செபாங், தம்பின் என்று இரண்டு ஊர்ப் பெயர்களும் இருக்கும். குழம்ப வேண்டாம். நிலையம் இருப்பது மலாக்கா மாநிலத்தில். பக்கத்தில் இருக்கும் தம்பின் பட்டணம் நெகிரி செம்பிலானைச் சேர்ந்தது. ரோட்டில் நடக்கிறவர்களுக்கு எல்லை தெரியாது.

கைப்பேசிச் செயலியில் கூப்பிட்ட கார் வர இருபது நிமிடம் ஆனது. ஓட்டுநர் அறுபது வயதைத் தாண்டிய தமிழர். தாமான் பெயரைக் கேட்டதும் சிரித்தார்.

“அங்கயாம்மா? நல்லவேள, இப்ப வீட்டுக்கு வீடு ஃபைபர் லைன் வந்துருச்சு, வைஃபை கேட்டா குடுத்துடறாங்க. முன்ன எல்லாம் அங்க ஆள எறக்கி விட்டுட்டு, மெயின் ரோட்டுக்குத் திரும்பி வந்துதான் ‘முடிஞ்சது’ன்னு அமுக்கணும். அதுவரைக்கும் அடுத்த சவாரி கெடைக்காது. பாதிப் பேரு அந்தப் பக்கம் வரவே மாட்டாங்க.”

“இப்ப வர்றாங்களா அங்கிள்?”

“வர்றாங்க. அங்க ஒரு பொம்பள சேல விக்குது. தெனம் பார்சல் வேன் ரெண்டு தடவ போவுது. நம்ம ஆளுங்களும் அந்த வீட்டுக்கு வர்றாங்க, போறாங்க. எனக்கே வாரத்துல நாலஞ்சு சவாரி.”

அவர் சொன்ன பொம்பள கோமதிதான். ஆறு கிலோமீட்டருக்குப் பத்து ரிங்கிட் கொடுத்து இறங்கினேன்.

“வாடி, பசியாறியாச்சா?” என்று கேட்டுக்கொண்டே வாசலுக்கு வந்தாள். கையில் அளவு நாடா. பதினாறு வருடத்தில் அவள் மாறியதைவிட அவள் வீட்டு ஹால்தான் அதிகம் ஆச்சரியப்படுத்தியது. சோபா இல்லை, டிவி இல்லை. மூன்று இரும்புச் சட்டங்களில் சேலைகள் தொங்குகின்றன. நடுவில் வட்ட விளக்கு, அதன் மத்தியில் கைப்பேசி வைக்க ஒரு பிடி. சாப்பாட்டு மேசை பார்சல் கட்டும் மேசையாகிவிட்டது. அவள் கணவர் சிவா செங்கில் இரவு ஷிப்ட் முடித்து வந்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தார். நாங்கள் இருவரும் சமையலறையில் நின்றபடியே சாப்பிட்டோம்.

ஃபைபர் வருவதற்கு முன்பும் அவள் நேரலை செய்திருக்கிறாள். கைப்பேசி சிக்னலில். “பேசிக்கிட்டே இருப்பேன், அங்க படம் நின்னு போயிருக்கும். நான் பச்சைன்னு காட்டுவேன், அவங்களுக்கு நீலமாத் தெரியும். பார்சல் போனதும் ‘கலர் மாறி வந்துருச்சு’ன்னு திருப்பி அனுப்புவாங்க. நல்லா வரணும்னா சேலையெல்லாம் காடியில ஏத்திக்கிட்டு செங்குக்குப் போவேன், நம்ம பழைய ஃப்ரெண்டு வீட்டுக்கு. அவ எத்தன நாளைக்குத்தான் ஹாலை விட்டுக் குடுப்பா?”

இணைப்பு வந்த பிறகு திரும்பி வரும் சேலைகள் வெகுவாகக் குறைந்துவிட்டனவாம். ஜரிகையின் மினுமினுப்பு வரைக்கும் திரையில் தெரிகிறது. ஜொகூர், கெடா, சிங்கப்பூர் என்று வாங்குகிறவர்கள் பெருகினார்கள். ராத்திரியில் எல்லாரும் நேரலை போடுகிறார்கள் என்பதால் இவள் மதியம் மூன்று மணியைப் பிடித்துக்கொண்டாள். ஓய்வு பெற்ற ஆசிரியைகள், ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்கள், சமையலை முடித்துவிட்டு உட்காரும் பெண்கள் எல்லாரும் அந்த நேரத்தில்தான் வருகிறார்களாம்.

“அப்ப நல்லாப் போகுதுன்னு சொல்லு.”

“போகுது. ஆனா எனக்கு வந்த லைன் மத்தவங்களுக்கும் வந்துருச்சுல்ல? சென்னையில கடைக்காரனே நேரா காட்டறான். முன்ன வாரத்துல ஒரு லைவ் போட்டாப் போதும். இப்ப மூணு போட்டாத்தான் அதே வியாபாரம்.” தட்டைக் கழுவினாள். பிறகு, “அண்ணன் கதைய உனக்குச் சொல்லவே இல்லல்ல?” என்றாள்.

அவளுடைய அண்ணன் மணியத்தை எனக்கும் தெரியும். புலாவ் செபாங் கடைத்தெருவில் இருபது வருடத்துக்கும் மேலாகத் துணிக்கடை வைத்திருக்கிறார். என் கல்யாணக் கூறைப் புடவை அங்கே எடுத்ததுதான். கோமதி முதன்முதலில் விற்றது அவர் கடைச் சரக்கை. அவர் சேலை கொடுப்பார், இவள் விற்று கமிஷன் வாங்கிக்கொள்வாள். ஃபைபர் வந்த பிறகு இந்தியாவிலிருக்கும் மொத்த வியாபாரிகள் வீடியோ அழைப்பிலேயே இவளுக்குச் சரக்கு காட்ட ஆரம்பித்தார்கள். நடுவில் அண்ணன் எதற்கு? இவள் நேராகவே வரவழைத்தாள். அண்ணன் விலையைவிடக் குறைத்து விற்க முடிந்தது.

“ஒரு நாள் ஒரு அம்மா அண்ணன் கடைக்குப் போய், போன்ல என் லைவக் காட்டி, ‘உன் தங்கச்சி இந்த வெலைக்குக் குடுக்குது, நீ ஏன் ஏமாத்தற’ன்னு கேட்டுருக்கு. அத்தன பேரு முன்னால. அன்னைக்குப் பேச்ச நிறுத்துனவருதான். ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு. மாமா வீட்டுக் கல்யாணத்துல நேருக்கு நேரா வந்துட்டேன், அப்படியே திரும்பிப் போயிட்டாரு.” துண்டில் கையைத் துடைத்துக்கொண்டாள். “நான் செஞ்சது தப்புன்னு நெனைக்கலடி. வியாபாரம். ஆனா அந்த மொகம் கண்ணுல நிக்குது.”

நான் ஈரத் தட்டுகளை வாங்கி அடுக்கினேன்.

இரண்டேகால் மணிக்கு அவள் விளக்கைப் போட்டுச் சேலைகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தபோது மோடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. நிறுத்திப் போட்டாள். மறுபடியும் சிவப்பு. வெளியே எட்டிப் பார்த்தால் பக்கத்து வீட்டுக்காரரும் வாசலில் நிற்கிறார். தாமான் நுழைவாயிலில் கால்வாய்க்குத் தோண்டிய மண்வாரி இயந்திரம் கேபிளை அறுத்துவிட்டது என்றார். நாளைக்குத்தான் சரியாகுமாம். கைப்பேசி சிக்னல் ஒரு கோடு வரும், போகும். செம்பனை மரங்களுக்கு நடுவில் அவ்வளவுதான் கிடைக்கிறது.

மற்ற நாளாக இருந்தால் ஒத்தி வைத்திருப்பாள். அன்று மூவாரிலிருந்து ஒரு கல்யாண வீட்டார் பார்க்க வருவதாக இருந்தது. தை மாதக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டுப் பெண்களுக்கு ஒரே சாயலில் பன்னிரண்டு சேலை வேண்டும். குடும்பமே ஒன்றாக உட்கார்ந்து பார்த்து அன்றைக்கே முடிவு செய்வதாகச் சொல்லியிருந்தார்கள். மூன்று மணிக்கு இவள் வரவில்லை என்றால் மூன்றரைக்கு வேறொருத்தியின் நேரலைக்குப் போய்விடுவார்கள். செங்குக்குப் போக முக்கால் மணி நேரமாவது ஆகும்.

சத்தம் கேட்டு எழுந்து வந்த சிவா, சட்டைப் பொத்தானைப் போட்டபடி சொன்னார். “உங்கண்ணன் கடையில லைன் இருக்கு.”

கோமதி அவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். “எந்த மொகத்த வச்சிக்கிட்டுப் போறது?” என்றாள். ஆனால் கை அதற்குள் சேலைகளைப் பையில் அடுக்க ஆரம்பித்திருந்தது.

மணியம் அண்ணன் கடை இரண்டு கதவு அகலம். வாசல் நடைபாதையில் பாவாடைத் துணிக் கட்டுகள். உள்ளே வாடிக்கையாளர் யாரும் இல்லை. அவர் கல்லாவுக்குப் பின்னால் நின்று ஒரு வேட்டியை மடித்துக்கொண்டிருந்தார். முடி நன்றாக நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பின்னால் வந்த கோமதியைப் பார்த்ததும் கண்கள் மறுபடி வேட்டிக்குப் போய்விட்டன.

“அண்ணே,” என்றாள் கோமதி, படியேறாமல். “வீட்டுல லைன் அறுந்துருச்சு. மூவார் பார்ட்டி ஒண்ணு காத்துக்கிட்டு இருக்கு. ஒரு மணி நேரம்...”

அவர் வேட்டியை மடித்து முடித்தார். அடுத்ததை எடுத்தார். சிவா காரிலிருந்து விளக்கை இறக்குவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்.

“பாஸ்வேர்ட் செவுத்துல ஒட்டிருக்கு,” என்றார் அண்ணன், தலை நிமிராமல்.

மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் தாமதமாக நேரலை ஆரம்பித்தது. வேறு இடம் இல்லாததால் கடையின் சேலை அலமாரிக்கு முன்னால் நின்றாள். முதல் பத்து நிமிடம் குரலில் ஒரு தடுமாற்றம். பிறகு பழகிய சிரிப்பு வந்துவிட்டது. மூவார் குடும்பமும் வந்தது. நான் இன்னொரு கைப்பேசியில் வரும் எழுத்துகளைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஐந்தாறு சேலை காட்டியிருப்பாள், ஒரு கேள்வி வந்தது. பின்னால் மேல்தட்டில் இருக்கிற அந்த மாம்பழக் கலர் பட்டு என்ன விலை?

நான் வாசித்ததும் கோமதி திரும்பிப் பார்க்காமலே, “அது கடையோடதுங்க, நம்மளோடது இல்ல,” என்றாள். மறுபடியும் கேட்டார்கள். மூவார் வீட்டுப் பெண்ணும் கேட்டாள். அதே கேள்வி திரையில் வரிசையாக ஏறியது.

கோமதி கல்லா பக்கம் திரும்பினாள். நேரலை ஓடிக்கொண்டிருக்கும்போதே கேட்டாள். “அண்ணே, அந்த மாம்பழக் கலரு எவ்ளோ?”

அவர் விலையைச் சொன்னார். குறைக்கவில்லை. கோமதி அந்த விலையை அப்படியே திரையைப் பார்த்துச் சொன்னாள். உடனே ஒருத்தி எழுதினாள், போன வாரம் இதே மாதிரி நீ பாதி விலைக்குக் கொடுத்தாயே, இது அநியாயம் என்று. அதை வாசிக்க எனக்கே கஷ்டமாக இருந்தது. வாசித்தேன்.

கோமதி கேமராவை நேராகப் பார்த்தாள். “இல்லங்க. போன வாரம் நான் காட்டுனது கலப்பு. பட்டு மாதிரி இருக்கும், வெலையும் கம்மி. அதச் சொல்லித்தான் வித்தேன். இது அசல். ரெண்டையும் ஒண்ணா வச்சுப் பாத்தா உங்களுக்கே தெரியும்.”

அப்போது பக்கத்தில் ஒரு கை நீண்டது. அண்ணன் கல்லாவை விட்டு வந்திருந்தார். முகத்தைக் கேமராவுக்குக் காட்டாமல், மேல்தட்டிலிருந்து எடுத்த பட்டின் முந்தானையை மட்டும் விரித்துப் பிடித்தார். திரையில் கோமதியின் முகமும், ஓரத்தில் ஒரு வயதான கையும் மட்டும் தெரிந்தன. “சாயம் போவாது. போச்சுன்னா எங்கிட்ட கொண்டாங்க,” என்றார். அவர் குரல் நேரலையில் கேட்டிருக்கும். யாரது, யாரது என்று கேள்விகள் வந்தன. “எங்கண்ணன்,” என்றாள் கோமதி. அதற்கு மேல் எதுவும் சொல்லாமல் அடுத்த சேலையை எடுத்தாள். எடுத்த சேலை தலைகீழாக இருந்தது.

அந்தக் கலரில் அண்ணனிடம் நான்குதான் இருந்தன. மூவார் குடும்பம் அந்த நான்கையும் நெருங்கிய பெண்களுக்கு எடுத்துக்கொண்டு, மீதி எட்டைக் கோமதியிடம் அதே சாயலில் எடுத்தது. நாலேகாலுக்கு விளக்கை அணைத்தபோது அவள் கழுத்தெல்லாம் வியர்வை.

அண்ணன் பக்கத்துக் கடையிலிருந்து எல்லாருக்கும் நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீ வரவழைத்தார். கோமதி கைப்பேசியில் அவருக்குச் சேர வேண்டியதை அனுப்பினாள். அவர் பார்த்துவிட்டு, “உன் கமிஷன எடுக்கலயே,” என்றார்.

“வேணாம்ணே.”

“வேணாம்னா பாஸ்வேர்ட மாத்திருவேன்.”

யாரும் சிரிக்கவில்லை. ஆனால் கடைக்குள் காற்று லேசானது போலிருந்தது. கோமதியும் சிவாவும் சாமான்களைக் காரில் ஏற்றும்போது நான் அண்ணனிடம் மெதுவாகக் கேட்டேன், கோபம் போய்விட்டதா என்று.

“போச்சுன்னு சொன்னா பொய்யிமா.” கிளாஸை உள்ளங்கையில் உருட்டினார். “அவ வீட்டுக்கு வந்த அதே லைனுதான் என் கடைக்கும் வந்துச்சு. நானும் மாசா மாசம் கட்டறேன். எனக்கு அது திருட்டுக் கேமராவுக்கும் கார்டு மெசினுக்கும் மட்டும்தான் ஓடுது. வேகமா வந்து என்ன பண்றது, கேமராவுல பாத்தா கட காலியா இருக்கறது நல்லாத் தெளிவாத் தெரியுது.” சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்கு வரவில்லை.

அன்றிரவு தஞ்சோங் கிளிங் கடற்கரையோரம் அறை பதிவு செய்திருந்தேன். சிவா ஷிப்டுக்குப் போகும் வழியில் கொண்டு விடுவதாகச் சொன்னார். அலோர் காஜா, செங் வழியாக நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். வேலை முடியும் நேர நெரிசலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவருடைய தொழிற்சாலையிலும் இதே கதைதானாம். “முன்ன மெசின் படுத்துச்சுன்னா வெளிநாட்டுல இருந்து ஆளு வரணும், வாரக்கணக்குல நிக்கும். இப்ப அங்க இருந்துக்கிட்டே ஸ்கிரீன்ல பாத்து சரி பண்றான். மெசின் நிக்கறதில்ல. நாங்களும்தான் நிக்கறதில்ல.” பிறகு ரோட்டைப் பார்த்தபடி, “வீட்டுக்கு வந்தா ஹால்ல உக்கார எடமில்ல அக்கா. அவ சம்பாதிக்கறா, எனக்குச் சந்தோசம்தான். ஆனா வீடு எங்க முடியுது, கட எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியல,” என்றார்.

அறை வாடகை நூற்றுப் பத்து ரிங்கிட், காலைச் சாப்பாட்டோடு. வீட்டுக்கார அம்மா யாழ்ப்பாண வழியைச் சேர்ந்த ஓய்வு பெற்ற அரசு ஊழியர். அன்ரி என்று கூப்பிடச் சொன்னார். காலையில் தோசை வைத்தபடி சொன்னார்: “முந்தி வாற ஆக்கள் கடல் எவ்வளவு கிட்ட எண்டு கேப்பினம். இப்ப வைஃபை எவ்வளவு ஸ்பீட் எண்டுதான் முதல் கேள்வி. கம்ப்யூட்டரோட வந்து ஒரு கிழமை அறைக்குள்ளேயே இருப்பினம். எனக்கு அறை நிரம்புது பிள்ளை, குறை சொல்லேலாது. ஆனா கடலுக்குப் போய் வாங்கோ எண்டு நான்தான் கலைக்க வேண்டியிருக்கு.”

என்னையும் அப்படியே கலைத்து, கடற்கரைக்கு விரட்டினார். போய் ஈர மணலில் நடந்தேன். படகுகள் கரையேறியிருந்தன. நேற்றுப் பார்த்ததையே மனது திரும்பத் திரும்ப ஓட்டியது. நல்ல இணைப்பு இல்லாமல் கோமதி இந்த அளவுக்கு வந்திருக்க முடியாது, அதில் சந்தேகமில்லை. அது இல்லாத ஒரு மதியம் அவள் என்ன பாடுபட்டாள் என்று பார்த்தேன். ஆனால் அதே இணைப்பு அவளுக்குத் தூரத்து வாடிக்கையாளரைக் கொண்டுவந்த வேகத்தில் தூரத்துப் போட்டியையும் கொண்டுவந்தது. நடுவிலிருந்த அண்ணனை வெளியே தள்ளியது. வீட்டிலிருந்து சோபாவை அகற்றியது. அந்த மாம்பழக் கலர் பட்டை அன்று விற்றுக் கொடுத்ததில் பாதிப் பங்கு இணைப்புக்கு என்றால், மீதி அதைக் கையால் விரித்துக் காட்டியவருக்கு. பத்திரிகை அட்டையைத் தடவிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, அப்புறம் விலை கேட்கும் எங்கள் கடை வாடிக்கையாளர்களை நினைத்துக்கொண்டேன். கிள்ளானுக்குத் திரும்பியதும் கணவரிடம் சொன்னேன், ஃபைபர் வைப்போம், கடையையும் இன்னும் ஒரு வருடம் வைத்திருப்போம், முன்பாதியை மட்டும் வாடகைக்கு எடுப்போம் என்று. கடை உரிமையாளரிடம் பேச்சு நடக்கிறது. என் முடிவு சரியா என்று அடுத்த வருடம்தான் தெரியும்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். பள்ளி விடுமுறையில் விரைவு ரயில் டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், முன்கூட்டியே எடுங்கள். அவசரமில்லை என்றால் கொம்யூட்டர் என்ற புறநகர் ரயிலும் புலாவ் செபாங் வரை போகிறது, செலவு குறைவு, நேரம்தான் அதிகம். செயலிக் கார்கள் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் புலாவ் செபாங்கில் கிடைப்பது சிரமம். காலையில் கொண்டுவிட்ட ஓட்டுநரிடமே எண்ணை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. தோட்டப் பகுதிக்குள் கைப்பேசி வரைபடத்தை நம்பாதீர்கள். தஞ்சோங் கிளிங்கில் சூரியன் மறையும் நேரத்துக்கு முன்பே போய்ச் சேருங்கள், நான் தவறவிட்டேன். வீட்டிலிருந்து வியாபாரம் செய்ய நினைத்து இதைப் படிக்கிறவர்கள், இணைப்பு அறுந்தால் பத்து நிமிடத்தில் எங்கே போவீர்கள் என்பதை இன்றைக்கே யோசித்து வையுங்கள். அந்த இடத்துக்காரரோடு பேச்சுவார்த்தையும் இருக்கட்டும்.

இதை எழுதி முடிக்கும் நேரத்தில் கோமதி கூப்பிட்டாள். அண்ணன் ஒரு வட்ட விளக்கு வாங்கியிருக்கிறாராம். அவளுக்குப் போன் செய்து, வாரத்தில் எந்த நாள் உனக்கு லைவ் இல்லை என்று கேட்டாராம்.

“நீ என்ன சொன்ன?”

“என்ன சொல்றது, எனக்கே போட்டியா வர்றாரு.” அந்தப் பக்கம் பார்சல் டேப்பை இழுத்துக் கிழிக்கும் சத்தம். “புதன்கெழமைன்னு சொன்னேன்.”